ஐந்து நிமிடப் பேச்சில் நிரலை நேரடியாக ஓட்டிக் காட்டலாமா?

முறிகண்டி:
வரும் சனிக்கிழமை கிளிநொச்சியில் நடக்கும் எங்கள் நிரலாளர் ஒன்றுகூடலில் எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். தமிழ்ச் சொல்லின் நீளத்தைக் கணினி எப்படி எண்ணுகிறது என்பதே பொருள். "புதுக்குடியிருப்பு" நமக்கு 9 எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியைக் கேட்டால் 18 என்கிறது, ஏனெனில் எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத்தரமான ஒருங்குறியில் (யூனிகோட்) உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் குறியெண்கள் உண்டு. ஊர்ப் பெயருக்கு 15 என வரம்பிட்ட ஒரு படிவத்தில் அது "புதுக்குடியிருப" என்று அறுந்து நின்றதைக் கண்ட நாளிலிருந்து இதைப் பேசவேண்டும் என்று நினைத்திருந்தேன். படவில்லைகள் இல்லாமல், உலாவியில் நிரல்வரிகளைத் தட்டி உடனே விடை பார்க்கும் கன்சோலைத் திறந்து அவையின் முன்னே தட்டிக் காட்டப் போகிறேன்.

கனகராயன்:
தம்பி, பொருள் அருமையானது, வழிதான் தவறு. சென்ற ஆண்டு வவுனியாவில் நானும் இப்படித்தான் தொடங்கினேன். மண்டபத்துக் கணினியில் தமிழ் விசைப்பலகை நிறுவப்பட்டிருக்கவில்லை. அதைத் தேடிச் சேர்த்து, மொழியை மாற்றி, முதற்சொல்லைத் தட்டி முடிப்பதற்குள் மூன்று நிமிடம் போய்விட்டது. சொல்ல வந்ததைச் சொல்லாமலே இறங்கினேன். அரை மணி நேர உரையில் இத்தகைய தடங்கலைச் சமாளித்துவிடலாம், ஐந்து நிமிடத்தில் அதற்கு இடமே இல்லை. வெளியீட்டைப் படமாகப் பிடித்துக்கொண்டு போங்கள்.

பாலைநிழல்:
கனகராயன் அண்ணா சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. படத்தில் 18 என்ற எண் இருந்தால் அவை அதை வாசித்துவிட்டுக் கடந்துவிடும். அதே சொல்லின் இறுதியில் சுட்டியை வைத்துப் பின்னழிப்பு விசையை ஒருமுறை தட்டிப் பாருங்கள்: "பு" முழுதாக அழியாது, உகரக் குறி மட்டும் கழன்று "ப" எஞ்சும். தினமும் கைபேசியில் தமிழ் எழுதுகிறவர்கள்கூட அது ஏன் நிகழ்கிறது என்று அந்தக் கணத்தில்தான் யோசிப்பார்கள். அறிவியல் நகர் பொறியியல் பீடத்திலிருந்து வரும் முதலாம் வருட மாணவருக்குக் குறியெண் என்ற சொல்லை விளக்க இதைவிடக் குறுகிய வழி எனக்குத் தெரியவில்லை.

கனகராயன்:
பின்னழிப்பைக் காட்டுவதில் எனக்கு மறுப்பில்லை, அது ஒரு தட்டு மட்டுமே. ஆனால் தீர்வையும் சொல்லாமல் இறங்க முடியாது. எழுத்துகளைச் சரியாகப் பிரித்து 9 என்று எண்ணித் தர உதவும் இன்ட்ல் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதி ஃபயர்பொக்ஸ் உலாவியில் 2024 இல் வெளிவந்த 125 ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. மண்டபத்தில் பழைய பதிப்பு இருந்தால், நீங்கள் வழி என்று காட்டுவதே அவையின் முன் பிழைச் செய்தியாக வந்து நிற்கும்.

முறிகண்டி:
அந்தப் பதிப்புச் சிக்கலை நான் எண்ணியிருக்கவில்லை, நன்றி அண்ணா. சொந்த மடிக்கணினியையே கொண்டுபோகிறேன். செக்மென்டர் பகுதியைப் படமாக்கிவிடுகிறேன். ஆனால் 18 என்ற எண்ணை அவையின் கண்முன்னே வரவழைப்பதை விடமாட்டேன்: சொல்லை முன்கூட்டியே ஒட்டி வைத்துவிட்டு, கேட்பவர்களிடம் எத்தனை எழுத்து என்று முதலில் கேட்டு, அவர்கள் ஒன்பது என்று சொன்ன பிறகே என்டர் விசையைத் தட்டுவேன். நேற்றிரவு கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், 4 நிமிடம் 40 விநாடி பிடித்தது.

கனகராயன்:
கேள்வி கேட்டால் அவை பதில் சொல்லவும் நேரம் பிடிக்கும், அது உங்கள் அறையில் எடுத்த கணக்கில் வராது. இன்னும் அரை நிமிடம் குறையுங்கள். கன்சோல் எழுத்தைக் கடைசி வரிசைக்கும் தெரியும் அளவுக்குப் பெருப்பித்து வையுங்கள். உகரக் குறி கழல்வது சிறிய எழுத்தில் தெரியாது.