மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து துபாய்க்கு உறைந்த இறாலும் கீரையும்: டிரை ஐஸ் எவ்வளவு, ஒரே பில்லா?

தோட்டத்துக்கடை:
வணக்கம். துபாயில் மளிகைக்கடை நடத்தும் ஒருவர் மாதம் ஒருமுறை சரக்கு கேட்கிறார். உறைந்த இறால் 120 கிலோ (ஒரு கிலோ பாக்கெட்), வெண்டைக்காய் 40 கிலோ, முருங்கைக்கீரை 20 கிலோ. கே.எல்.ஐ.ஏ. (கோலாலம்பூர் விமான நிலையம்) வரை சொந்த லாரி, தார்பாய் போட்டது, குளிர்வசதி கிடையாது. பொலிஸ்டைரின் பெட்டி வெளியளவு 60×40×40 சென்டிமீட்டர், சுவர் 5 சென்டிமீட்டர். பறப்பது 7 மணி நேரம்தான், பெட்டிக்கு 5 கிலோ டிரை ஐஸ் (உறைந்த கரியமில வாயு) போதும் என்கிறார் ஏஜென்ட். சரிதானா? எல்லாவற்றையும் ஒரே ஏர் வே பில்லில் (விமானச் சரக்குச் சீட்டு) போட்டால் மிச்சமா?

குளிர்க்கிடங்கு:
ஐயா, பறக்கிற நேரத்தை வைத்து ஐஸ் கணக்குப் போடக்கூடாது. இங்கே மூடியைப் போட்டதிலிருந்து அங்கே கடைக்காரர் ஃப்ரீசரில் அடுக்கும்வரை எண்ணுங்கள். லாரி 4 மணி, சரக்குக் கொட்டகையில் காத்திருப்பு 5, பறப்பு 7, அங்கே இறக்கி, சோதனை முடிந்து வெளியே வர 12 முதல் 24. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே 28 முதல் 40 மணி. ஒரு விமானம் தவறினால் இன்னொரு நாள். அதனால் 60 மணி நேரம் தாங்கும்படி கட்டுங்கள்.

எத்தனை கிலோ என்பதை உங்கள் பெட்டிதான் சொல்லும். ஒரு பெட்டியில் 15 கிலோ இறாலும் 10 கிலோ டிரை ஐஸும் போட்டு, கொட்டகை வெக்கையிலேயே வைத்து, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை தராசில் நிறுத்துங்கள். டிரை ஐஸ் உருகாது, நேரே வாயுவாகப் போய்விடும். எடை குறைந்த அளவுதான் போன ஐஸ். 24 மணியில் 4 கிலோ குறைந்தால் 60 மணிக்கு 10 கிலோ. 6 கிலோ குறைந்தால் ஐஸைக் கூட்டாதீர்கள், தடித்த சுவர்ப் பெட்டி வாங்குங்கள். ஐஸின் எடைக்கும் விமானக் கட்டணம் உண்டு.

பெட்டியை அரைகுறையாக நிரப்பாதீர்கள். 10 கிலோ வீதம் 12 பெட்டி என்றால் எல்லாவற்றிலும் ஐஸ் போட வேண்டும். 15 கிலோ வீதம் 8 பெட்டி போதும். இறால் 15, ஐஸ் 10, பெட்டி 2, மொத்தம் 27 கிலோ. உள்ளளவு 45 லிட்டர், இடம் தாராளம். மேலே மிச்சமிருக்கும் வெற்றிடத்தைக் கசக்கிய தாளால் நிரப்புங்கள்.

டிரை ஐஸ் மேலேதான் இருக்க வேண்டும், குளிர்ந்த வாயு கீழே இறங்கும். நடுவில் ஓர் அட்டை வையுங்கள். −78.5 டிகிரி நேரே பட்டால் பிளாஸ்டிக் பாக்கெட் மொறுமொறுத்து உடையும்.

ஒன்று முக்கியம்: டிரை ஐஸ் இருக்கும் குளிரைக் காக்கும், இறாலை உறைய வைக்க அதை நம்பாதீர்கள். பாக்கெட்டின் நடுவில் −18 வந்த பிறகுதான் பெட்டிக்குள் போக வேண்டும். வீட்டு ஃப்ரீசரில் மெதுவாக உறைந்த இறாலில் பெரிய பனிப்படிகம் உண்டாகிச் சதையைக் கிழிக்கும். உருகியதும் தண்ணீர் விட்டுச் சவசவவென்று ஆகிவிடும்.

பில்கட்டு:
டிரை ஐஸ் அபாயப் பொருள் கணக்கில் வரும்: யூ.என். (ஐ.நா. எண்) 1845, 9ஆம் வகுப்பு. அபாயமில்லாத உணவைக் குளிர வைக்க மட்டும் போடும்போது தனி அபாயப்பொருள் அறிக்கை தேவையில்லை. ஆனால் ஏர் வே பில்லில் 'யூ.என். 1845, டிரை ஐஸ், 8 பெட்டி × 10 கிலோ' என்று இருக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் 9ஆம் வகுப்பு லேபிள், ஐஸின் நிகர எடை, அனுப்புநர் பெறுநர் முகவரி. கட்டுபவர் அதற்கான பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ஒரு விமான வயிற்றில் எவ்வளவு டிரை ஐஸ் ஏற்றலாம் என்பதற்கு அளவு உண்டு. 80 கிலோ ஐஸ் வருகிறது என்பதைப் புக்கிங்கிலேயே சொல்லாவிட்டால் கவுண்டரில் திருப்பி அனுப்புவார்கள்.

மூடியைச் சுற்றி டேப் ஒட்டி இறுக்காதீர்கள். ஒரு கிலோ ஐஸ் ஏறக்குறைய 540 லிட்டர் வாயுவாகும், வெளியேற வழியில்லாவிட்டால் பெட்டி வெடிக்கும். குறுக்கே இரண்டு பட்டை ஒட்டினால் போதும். லாரியின் பின்பக்கம் தார்பாய் என்பதால் காற்று போகும். ஏசி போட்டு மூடிய வேனில் ஏற்றினால் ஓட்டுநருக்கு மூச்சுத் திணறும்.

கட்டணம் எடைக்கா இடத்துக்கா, எது கூடுதலோ அதற்கு. நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுங்கள், அதுதான் இட எடை. இறால் பெட்டி இட எடை 16, நிஜ எடை 27, ஆகவே 27. எட்டுப் பெட்டிக்கு 216 கிலோ. கீரைப் பெட்டி வேறு மாதிரி: 50×40×30 என்றால் இட எடை 10, உள்ளே கீரை 5 கிலோதான் பிடிக்கும், மீதிக்குக் காற்றுக்குக் காசு கட்டுகிறீர்கள்.

தோட்டத்துக்கடை:
நன்றி. கீரையும் வெண்டையும் எட்டுப் பெட்டி, பெட்டி எடையும் சேர்த்து நிஜ எடை 68, இட எடை 80. எல்லாம் ஒரே பில் என்றால் மொத்தம் 284, தனித்தனி என்றால் 296. கிலோ விலை குறையும் 300 கிலோ விலைப்படி பக்கத்தில்தானே இருக்கிறது?

பில்கட்டு:
கணக்கு சரி. 284ஐ 300 என்றே எழுதி அந்த விலைக்குக் கட்டினால் மலிவாக வரலாம், இரண்டு விதமாகவும் கேட்டுப் பாருங்கள். ஆனாலும் நான் தனித்தனி பில்தான் போடச் சொல்வேன். உறைந்த சரக்குக்கு ஒரு கையாளல் குறி, குளிர்ந்த சரக்குக்கு வேறு குறி. ஒரே பில்லில் கீரையின் தாளில் ஒரு எழுத்துப் பிழை வந்தால் இறாலும் அதோடு நிற்கும். 12 கிலோ கட்டணத்துக்காக 120 கிலோ இறாலைப் பணயம் வைக்க வேண்டாம்.

கீரைக்கட்டு:
பச்சைச் சரக்கு பக்கம் டிரை ஐஸே வரக்கூடாது, பட்ட இடம் கருகும். ஜெல் ஐஸ் கட்டிகளைத் தாளில் சுற்றி வையுங்கள். வெண்டைக்கு 7 முதல் 10 டிகிரி. அதற்குக் கீழே போனால் மேலே குழி விழுந்து கறுத்துப்போகும். குளிர் கூடுதலாக இருந்தால் நல்லது என்ற நினைப்பில்தான் வெண்டை கெடுகிறது.

முருங்கையில் பெரிய தொல்லை இலை உதிர்வது. வெக்கையிலும் பழுத்த பழத்தின் பக்கத்திலும் ஒரே இரவில் காம்பு மட்டும் மிஞ்சும். மாம்பழமோ வாழைப்பழமோ அதே பெட்டியில் வைக்காதீர்கள். விடியலில் வெட்டி, நிழலில் பரப்பி, சூடு தணிந்த பிறகு கட்டுங்கள். மழை பெய்த காலையில் வெட்டவே வேண்டாம். ஈரம் உள்ளே போனால் நடுக்கட்டு முதலில் அழுகும், வெளியே பார்த்தால் தெரியாது. ஒரு கட்டைப் பிரித்து நடுவில் விரலை விட்டுப் பாருங்கள், கதகதப்பாக இருந்தால் அது இன்னும் பயணத்துக்கு ஆகவில்லை. இறுக்கிக் கட்டாதீர்கள், பிடி அளவு, ரப்பர் வளையம் தளர்வாக.

துபாய்க் கடைக்காரர் பிறகு கறிவேப்பிலையும் கேட்பார். முன்கூட்டியே விசாரியுங்கள். எலுமிச்சை இனத்தைத் தாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையில் வளர்வதால் பச்சை இலைக்குப் பல நாடுகள் தடையோ கட்டுப்பாடோ வைத்திருக்கின்றன.

பாரம்பார்ப்பவர்:
தாள்களையும் கிழமையையும் பற்றி யாரும் சொல்லவில்லை. இறாலுக்கு எல்.கே.ஐ.எம். (மீன்வள மேம்பாட்டு வாரியம்) உரிமமும் சுகாதாரச் சான்றும், கீரைக்கும் வெண்டைக்கும் விவசாயத் துறையின் பயிர்நலச் சான்று, மாக்கிஸ் (தனிமைப்படுத்தல், சோதனைத் துறை) பெர்மிட், சுங்கத்துக்குக் கே2 ஏற்றுமதிப் பாரம். மரப்பலகை அடியில் வைத்தால் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியதற்கான முத்திரை வேண்டும், பிளாஸ்டிக் பலகை என்றால் அந்தத் தொல்லை இல்லை.

பெயர் எல்லாத் தாளிலும் ஒன்றாகவே இருக்கட்டும். முருங்கைக்கீரையை வெறும் 'டிரம்ஸ்டிக்' என்று போட்டால் கோழிக்கால் என்று எடுத்துக்கொண்டு ஹலால் வெட்டுச் சான்று கேட்பார்கள். 'மொரிங்கா இலை' என்று அறிவியல் பெயரோடு எழுதுங்கள். பாக்கெட்டில் அரபு லேபிள் வேண்டும். இறால் கறுக்காமலிருக்க சல்பைட் தோய்த்திருந்தால் லேபிளில் அதுவும் இருக்க வேண்டும். பனிப்பூச்சு போக நிகர எடையைப் போடுங்கள்.

அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள். வியாழன் இரவு ஏற்றினால் உங்கள் 60 மணி அங்கே கதவு திறக்குமுன் தீர்ந்துவிடும். ஞாயிறு இரவோ திங்களோ ஏற்றுங்கள்.

பெட்டி திறக்கும்போது கடைக்காரர் வெப்பமானியைப் பாக்கெட்டுகளுக்கு நடுவில் செருகிப் படம் எடுக்க வேண்டும். சேதம் என்றால் கையில் வந்த 14 நாளுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் போக வேண்டும், தாமதத்துக்கு 21 நாள். மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி நஷ்டஈடு கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரைதான். உறைந்த சரக்குக் காப்புறுதி தனியாக எடுப்பதானால், குளிர் குறைந்து கெட்டாலும் அது செல்லுமா என்று வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.