புதுப்பிப்பு: அப்பாவும் சர்க்கரை மாத்திரையும்

பெங்களூரு அல்சூரில் எங்களோடு இருக்கும் அப்பா மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை அடிக்கடி விட்டுவிடுகிறார், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி கிழமை போட்ட மாத்திரைப் பெட்டி வாங்கினோம். பெட்டி அழகாக இருந்தது. மாத்திரைகளும் அதிலேயே இருந்தன.

இந்த முறை சர்க்கரை மருத்துவர் வேறு விதமாகத் தொடங்கினார். தூக்கம், பசி, எதிலாவது நாட்டம் உண்டா என்று பிஎச்கியூ-9 என்ற கேள்வித்தாளை வைத்துக் கேட்டார். மொத்த மதிப்பெண் 27; அதில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்கிறதா என்று மேற்கொண்டு பார்ப்பார்கள். அப்பா அதைத் தாண்டிவிட்டார். "மதிப்பெண்ணில் நான் என்றைக்குக் குறைந்தேன்?" என்கிறார்.

மனச்சோர்வு இருக்கும் சர்க்கரை நோயாளிகள் மருந்தை விடுவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அப்பாவுக்கு மறதியே இல்லை. "போட்டு என்ன ஆகப்போகிறது" என்ற நினைப்புதான். அதற்கு அலாரம் என்ன செய்யும்?

மனநல மருத்துவர் என்றதும் கொதித்தது அம்மாதான்: "அவருக்கென்ன பைத்தியமா?" ஒருவழியாகப் போய் வந்தோம். புது மருந்து வேலை காட்டச் சில வாரங்கள் ஆகும். மனச்சோர்வு மருந்துகளில் சில, சர்க்கரை அளவையும் மாற்றக்கூடும் என்பதால் இரு மருத்துவர்களிடமும் இரண்டு சீட்டுகளையும் காட்டினோம்.

தமிழில் பேச யாராவது உண்டா என்று கேட்டவருக்கு: அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416, இலவசம்.

எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை காட்டுவது ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி என்பதால் அதை இப்போதே பார்த்துப் பயனில்லை. மாத்திரை இன்னும் சில இரவுகள் தவறுகிறது. எண்ணிப் பார்த்துச் சண்டை போடாதீர்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், கேட்பதாக இல்லை.