ரிக்கி ஸ்டூவர்ட்: 2002 கோப்பை யாருடையது?

ஈல்ஸ் பக்தன்:
"ஆட்டத்திலும் உச்சம், கோச்சாகவும் உச்சம் என்றால் ரிக்கி ஸ்டூவர்ட்தான். பொறுப்பேற்ற முதல் ஆண்டே சிட்னி ரூஸ்டர்ஸுக்குக் கோப்பை" என்று ஒருவர், கான்பெராவின் ரக்பி லீக் அணியான ரெய்டர்ஸின் இழையில் எழுதியிருக்கிறார். இதை எத்தனை காலம்தான் கேட்பது? 2002 அணியைக் கட்டியவர் அவருக்கு முன் கோச்சாக இருந்த கிரகாம் முர்ரே. 2000 கிராண்ட் ஃபைனலுக்கே, அதாவது கோப்பைக்கான இறுதி ஆட்டத்துக்கே, அதைக் கொண்டுபோனவர் முர்ரே. பிரிஸ்பேனிடம் 14–6 என்று தோற்றார்கள், அவ்வளவுதான். ஃபிட்லர், ஃபிட்ஸ்கிப்பன், மோர்லி எல்லோரும் ஸ்டூவர்ட் வருவதற்கு முன்பே அங்கே இருந்தார்கள். சமைத்தவர் முர்ரே, பரிமாறியவர் ஸ்டூவர்ட்.

பச்சைச் சட்டை:
எழுதியவன் நான்தான் அண்ணா. பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். 2001-இல் முர்ரேயிடம் அதே ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஏன் கோப்பை வரவில்லை? ஸ்டூவர்ட் வந்தார், தடுப்பாட்டம் மாறியது, இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்து அணியான வாரியர்ஸை 30–8 என்று அடித்தார்கள். மலின்ஸும் ஹாட்ஜஸும் அந்த ஆண்டுதான் அணிக்கு வந்தார்கள். அவர்களையும் முர்ரே கணக்கிலேயே எழுதுவீர்களா?

ஈல்ஸ் பக்தன்:
இரண்டு பேர் வந்ததால் அணி புதிதாகிவிடுமா? இறுதி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கத்தை அன்றைக்கு வாங்கியவர் யார்? ஃபிட்ஸ்கிப்பன். ரூஸ்டர்ஸுக்கு அவர் வந்தது எப்போது? 2000-இல், முர்ரே காலத்தில். இன்னொன்றையும் வசதியாக மறந்துவிடுகிறீர்கள். அந்த ஆண்டு முதலிடத்தில் இருந்தது புல்டாக்ஸ் அணி. ஓர் அணி தரக்கூடிய மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பை மீறியதற்காக 37 புள்ளிகளைப் பறித்துக் கடைசி இடத்துக்குத் தள்ளினார்கள். ரூஸ்டர்ஸ் நான்காவதாக முடித்த அணி.

பாண்டைவாசி:
ரூஸ்டர்ஸ் ரசிகனாக ஒரு வார்த்தை. நான்காவதாக முடித்து, இறுதிச்சுற்றில் எல்லோரையும் வென்றுதான் கோப்பை வாங்கினோம். இரண்டாம் பாதியில் ஸ்டேசி ஜோன்ஸ் தனி ஆளாக ஓடி, எங்கள் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்து டிரை போட்டு வாரியர்ஸை 8–6 என்று முன்னால் கொண்டுபோனார். அப்புறம் அவர்களுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. அதற்குப் பெயர் பரிமாறுவதா? 2003-இலும் 2004-இலும் அதே ஸ்டூவர்ட் எங்களை கிராண்ட் ஃபைனலுக்குக் கொண்டுபோனார்.

ஈல்ஸ் பக்தன்:
இரண்டிலும் தோற்றார்! 2003-இல் பென்ரித்திடம் 18–6, 2004-இல் புல்டாக்ஸிடம் 16–13. முர்ரே விட்டுப்போனது தீரத் தீர முடிவும் இறங்கியது, பார்த்தீர்களா? 2006-இல் நீங்களே அனுப்பிவிட்டீர்கள். அடுத்துப் போன குரோனல்லா அணியில் கோப்பை இல்லை. 2008 உலகக் கோப்பை இறுதியில் ஆஸ்திரேலியாவையே நியூசிலாந்திடம் 34–20 என்று விட்டுக்கொடுத்தார். இதெல்லாம் யார் சமைத்தது?

பச்சைச் சட்டை:
குயின்ஸ்லாந்தை எதிர்த்து ஆடும் ஆரிஜின் தொடரை 2005-இல் நியூ சவுத் வேல்ஸுக்கு வென்று தந்தாரே, அதுவும் முர்ரே கட்டியதா? 2006 மும்முனைத் தொடரை ஆஸ்திரேலியாவுக்கு வென்றாரே, அதுவுமா? அண்ணா, உங்கள் கோபம் 2002-ஐப் பற்றியதே அல்ல. அவர் பரமட்டா ஈல்ஸுக்குக் கோச்சாக இருந்த 2013-ஐப் பற்றியது. பரமட்டா ரசிகர் என்று நேரே சொல்லிவிடுங்கள்.

ஈல்ஸ் பக்தன்:
பெயரிலேயே இருக்கிறது, ஒளிக்கவில்லை. ஆமாம், 2013 வலிக்கிறது. வென்ட்வொர்த்வில்லில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒவ்வொரு வாரமும் தோல்வி பார்த்தவன் நான். பருவத்தின் நடுவிலேயே 12 ஆட்டக்காரர்களின் பெயரைத் திரையில் போட்டு, அடுத்த ஆண்டு உங்களுக்கு இடமில்லை என்று காட்டினார். ஆட வேண்டிய பையன்கள் அவர்கள். கடைசி இடத்தில் முடித்தோம். மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரே ஆண்டு இருந்துவிட்டு கான்பெராவுக்குப் போனார். அடுத்த ஆண்டே புதிய கோச் பிராட் ஆர்தர் 12 வெற்றி எடுத்தார்! சமைக்கத் தெரிந்தவர் என்றால் இங்கே சமைத்திருக்கலாமே?

பச்சைச் சட்டை:
கான்பெராவுக்குப் போனது குடும்பத்துக்காக. அவருடைய மகளுக்கு ஆட்டிசம். அதை இழுக்காதீர்கள்.

ஈல்ஸ் பக்தன்:
குடும்பத்தை நான் எங்கே இழுத்தேன்? நீங்கள்தான் இழுத்தீர்கள். அந்தக் குழந்தைகளுக்காக அவர் அறக்கட்டளை நடத்துவதை நான் மதிக்கிறேன். நான் கேட்பது 2002. அதற்கு மட்டும் பதிலே வராது.

பழைய மைதானம்:
ஆட்டக்காரராக அவர் யார் என்று உங்களில் எவருக்காவது நினைவிருக்கிறதா? 1989, 1990, 1994 என ரெய்டர்ஸோடு மூன்று பிரீமியர்ஷிப் கோப்பை. 1990 ஓல்ட் டிராஃபோர்ட் டெஸ்ட்டில் அவர் போட்ட பாஸைப் பிடுங்கித்தான் பிரிட்டன் டிரை அடித்தது. அதே மனிதர் கடைசி நிமிடத்தில் சொந்த எல்லைப் பக்கத்திலிருந்து கிழித்துக்கொண்டு ஓடி மெனிங்காவிடம் கொடுத்தார், ஆஸ்திரேலியாவுக்கு 14–10 வெற்றி. தொடரே அதில் பிழைத்தது. அந்த நெஞ்சுரம்தான் அவருடைய கோச்சிங். 1993-இல் கணுக்கால் உடையாமல் இருந்திருந்தால் இன்னொரு கோப்பையும் வந்திருக்கும்.

ஈல்ஸ் பக்தன்:
அந்தக் கணுக்கால் உடைந்தது எங்களோடு ஆடிய ஆட்டத்தில்தான். 68–0 என்று தோற்றோம். அந்த நாளையும் நான் பார்த்துவிட்டேன், நன்றி. ஸ்டூவர்ட் ஆடிய ஹாஃப்பேக் இடத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் எங்கள் பீட்டர் ஸ்டெர்லிங், 1981, 82, 83, 86 என நான்கு கோப்பை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பழைய மைதானம்:
முடியவில்லை தம்பி. ஸ்டெர்லிங்குக்கு ஸ்டூவர்ட்டின் நீளப் பாஸ் கிடையாது. ஆளே இல்லாத ஓரத்துக்கு ஒரே வீச்சில் பந்து போகும்.

ஈல்ஸ் பக்தன்:
ஸ்டெர்லிங்கின் உதையைப் பார்த்தீர்களா நீங்கள்? பார்க்காமல் பேசக்கூடாது.

பாண்டைவாசி:
இரண்டு பேரையும் விடுங்கள். 2019 கிராண்ட் ஃபைனலைப் பேசுவோம். எங்களிடம் ரெய்டர்ஸ் தோற்றது, 14–8.

பச்சைச் சட்டை:
அதைப் பேசாதீர்கள். நடுவர் கையைச் சுற்றி 'மறுபடி ஆறு டேக்கிள்' என்று காட்டினார், அதாவது இன்னும் ஆறு முறை பிடிபடும் வரை பந்து எங்களுக்கே. அதை நம்பி எங்கள் வைட்டன் பந்தோடு விழுந்தார். விழுந்த பிறகு 'இதுதான் கடைசி' என்று பந்தை உங்களிடம் கொடுத்தார்கள். அடுத்த தாக்குதலில் உங்கள் டெடெஸ்கோ டிரை. தொடக்கத்தில் நாங்கள் உதையைத் தடுத்த பந்து உங்கள் பயிற்சி உதவியாளர் மேல் பட்டது, அதற்கும் பந்து உங்களுக்கே. அந்த ஒரு கை அசைவு இல்லையென்றால் இந்த இழையே கிடையாது. ஸ்டூவர்ட் கையில் கோச்சாக இரண்டு கோப்பை இருந்திருக்கும்.

பாண்டைவாசி:
எங்கள் குரோங்கை 10 நிமிடம் வெளியே அனுப்பினார்களே. 12 பேரை எதிர்த்து ஒரு டிரை போட்டீர்களா? ஒரு பெனால்டி கோல், அவ்வளவுதான்.

பச்சைச் சட்டை:
தோற்ற அணியின் வைட்டனுக்குத்தான் பதக்கமே கொடுத்தார்கள். அதிலேயே தெரியவில்லையா?

ஈல்ஸ் பக்தன்:
ஒப்புக்கொண்டதற்கு நன்றி. 'இருந்திருக்கும்' என்றால் இல்லை என்றுதான் பொருள். அவரிடம் இருப்பது ஒரே கோப்பை, அதுவும் முர்ரேயுடையது. 2025-ஐயும் பாருங்கள். லீக் சுற்றில் முதலிடம். அப்புறம் பிரிஸ்பேனிடம் 29–28, குரோனல்லாவிடம் 32–12, வீட்டுக்கு. அந்த குரோனல்லாவின் கோச் யார்? ஃபிட்ஸ்கிப்பன்! 2002 கோப்பையின் பதக்கக்காரர்.

பச்சைச் சட்டை:
ஃபிட்ஸ்கிப்பனுக்கு 2002 முதல் 2006 வரை கோச்சாக இருந்தவர் யார் அண்ணா? ஸ்டூவர்ட். தடுப்பாட்டத்தை யாரிடம் கற்றார் என்று நினைக்கிறீர்கள்? 2013-இல் கடைசி இடத்தில் முடித்தவர் என்கிறீர்கள். 2012-இலும் பரமட்டா கடைசிதான். அப்போது ஸ்டூவர்ட் எங்கே இருந்தார்?

ஈல்ஸ் பக்தன்:
நியூ சவுத் வேல்ஸுக்கு ஆரிஜின் தொடரைத் தோற்றுக்கொண்டிருந்தார். 2011-இலும் தோற்றார், 2012-இலும் தோற்றார். நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. 2000-இல் கிராண்ட் ஃபைனல் ஆடிய அணியைக் கட்டியவர் யார்?

பாண்டைவாசி:
கட்டியவர் தோற்றார், வந்தவர் வென்றார். இதைவிட என்ன பதில் வேண்டும்?

ஈல்ஸ் பக்தன்:
முர்ரே கவ்பாய்ஸ் அணிக்குப் போய் 2005-இல் அவர்களையும் கிராண்ட் ஃபைனலுக்குக் கொண்டுவந்தார். அது கட்டுகிறவரின் அடையாளம். மனிதர் 2013-இல் போய்விட்டார், அவருக்காகப் பேச ஆளில்லை என்று இஷ்டத்துக்கு எழுதாதீர்கள்.

பழைய மைதானம்:
2005-இலும் அவர் தோற்றார்தானே? வெஸ்ட்ஸ் டைகர்ஸிடம். ஸ்டெர்லிங் பற்றிய பேச்சும் இன்னும் முடியவில்லை. நாளை வருகிறேன்.

ஈல்ஸ் பக்தன்:
வாருங்கள். வரும்போது 2001 ரூஸ்டர்ஸ் அணிப் பட்டியலையும் கொண்டுவாருங்கள், பெயர் பெயராகப் பார்ப்போம்.