புது ஹைபிரிட் காரில் மஞ்சள் விளக்கு திரும்பத் திரும்ப வருகிறது, அவசரம்

கோவைவாசி (வெள்ளி, இரவு 9.40)
வணக்கம். புதுக் கார், ஹைபிரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ளது. டாஷ்போர்டில் ஆச்சரியக்குறி போட்ட விளக்கு எரிகிறது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் அணைத்துக் கொடுக்கிறார்கள். கொஞ்ச நாளில் மறுபடி வந்துவிடுகிறது. இத்தனை லட்சம் கொட்டி வாங்கியது இதற்குத்தானா? நாளை குடும்பத்தோடு பழனி போக வேண்டும். எடுக்கலாமா, கூடாதா? தெரிந்தவர்கள் உடனே சொல்லவும்.

நெடுஞ்சாலை
என்ன கார்? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? ஆச்சரியக்குறி எதற்குள் இருக்கிறது? குதிரை லாடம் போன்ற வடிவத்துக்குள் என்றால் டயர் காற்று. வட்டத்துக்குள் சிவப்பாக என்றால் பிரேக், வண்டியைத் தொடாதீர்கள். முக்கோணத்துக்குள் என்றால் பொதுவான எச்சரிக்கை. கூடவே திரையில் ஒரு வரி ஓடியிருக்கும், அது என்ன?

காற்றழுத்தம்
டயர்தான், சந்தேகமே வேண்டாம். வெயில் நேரத்தில், ஓடிச் சூடான டயரில் அளந்து காற்றடித்திருப்பார்கள். விடியற்காலையில் வெப்பம் பத்து டிகிரி இறங்கினால் டயரின் அழுத்தம் இரண்டு பி.எஸ்.ஐ. குறைந்துவிடும், விளக்கு வரும். ஓடி டயர் சூடானதும் தானே அணையும். காலையில் வண்டியை எடுக்குமுன் அளந்து பாருங்கள்.

பிஸ்டன்பிரியன் (மூத்த உறுப்பினர்)
வண்டியோடு ஒரு தடித்த புத்தகம் கொடுத்திருப்பார்களே, அதன் பெயர் உரிமையாளர் கையேடு. அதில் விளக்குகளுக்கென்றே வண்ணப் படத்துடன் பக்கங்கள் இருக்கின்றன. படிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இழை தொடங்குவதில்லை. அடுத்த முறை மாடல், ஆண்டு, ஓடிய தூரம், படம் இத்தனையும் இல்லாமல் கேள்வி கேட்காதீர்கள்.

வயல்வெளி
எலி. வண்டி எங்கே நிற்கிறது? அடித்தளப் பார்க்கிங் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், எலி ஒயரைக் கடித்திருக்கிறது. என் மைத்துனர் வண்டியில் இப்படித்தான் விளக்கு வந்து வந்து போனது. பானெட்டைத் திறந்து புழுக்கை கிடக்கிறதா என்று பாருங்கள்.

கோவைவாசி
முக்கோணம். மஞ்சள். ஹைபிரிட் சிஸ்டத்தைச் சோதிக்கவும் என்று ஆங்கிலத்தில் வருகிறது. ஒருமுறை ஸ்டியரிங் விளக்கும் சேர்ந்து வந்தது. ஓட்டும்போது எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கம்பெனி பெயர் வேண்டாம், சர்வீஸ் சென்டர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள். எலிப் புழுக்கை இல்லை.

வயல்வெளி
புழுக்கை இல்லை என்பதால் எலி இல்லை என்று ஆகாது.

வோல்ட்மீட்டர்
கோவைவாசி, நான்கு கேள்விகள். விளக்கு வாரத்தில் எந்த நாள் வருகிறது? வண்டி அதற்கு முன் எத்தனை நாள் நின்றிருந்தது? வெளியே வாங்கிப் பொருத்திய சாமான் ஏதாவது உண்டா, கேமரா, ஆம்பிளிபயர், ஜி.பி.எஸ். மாதிரி? விளக்கு வந்ததும் கார்க் கணினி பதிந்துவைக்கும் பிழைக் குறியீட்டை சர்வீஸ் சென்டரில் தாளில் எழுதிக் கொடுத்தார்களா? ஸ்கேனரை வைத்து வெறுமனே அழித்துவிட்டால் விளக்கு வந்த நேரத்தில் பதிவான தகவலும் சேர்ந்து போய்விடும். அடுத்த முறை குறியீட்டை ஜாப் கார்டில் எழுதித் தராமல் அழிக்க விடாதீர்கள்.

கரும்பாலை
இதெல்லாம் எத்தனால் பெட்ரோல் செய்கிற வேலை. இப்போது எல்லா பங்க்கிலும் 20 விழுக்காடு எத்தனால். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், ரப்பரைத் தின்னும். என் வண்டிக்கு மைலேஜ் பாதியாகிவிட்டது.

நெடுஞ்சாலை
பாதியெல்லாம் ஆகாது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பெட்ரோலில் அது ஐந்தில் ஒரு பங்கு கலந்திருந்தால் மைலேஜ் ஆறேழு விழுக்காடு இறங்கலாம். அதோடு 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் இந்தக் கலவையைத் தாங்கும் பாகங்களோடுதான் வருகின்றன. இவருடையது புது வண்டி.

கரும்பாலை
கணக்கு ஏட்டில் சரியாகத்தான் இருக்கும். பணம் என் பையிலிருந்து போகிறது.

பிஸ்டன்பிரியன்
பிரேசிலில் பல ஆண்டுகளாக 27 விழுக்காடு கலந்து ஓட்டினார்கள், 2025இல் 30 ஆக்கினார்கள். அங்கே யாரும் மூக்கால் அழவில்லை.

கரும்பாலை
அங்கே வண்டியை அதற்கென்றே செய்கிறார்கள். இங்கே என் 2016 வண்டியையும் அதே குழாயில்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது. எத்தனால் எடுக்கிற கரும்புக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை நான் இன்னும் பேச ஆரம்பிக்கவே இல்லை.

வயல்வெளி
தண்ணீரைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் நானும் வருகிறேன். ஆனால் எத்தனாலுக்கு மக்காச்சோளமும் உடைந்த அரிசியும் போகின்றன என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

காற்றழுத்தம்
ஐயா, தனி இழை தொடங்குங்கள். அவர் நாளைக் காலை பழனி போக வேண்டும்.

கோவைவாசி (வெள்ளி, இரவு 11.15)
பெரும்பாலும் சனிக்கிழமை காலை. வாரநாளில் நான் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவேன், கார் அடித்தளத்தில் நிற்கும். கேமரா உண்டு, வண்டி நிற்கும்போதும் பதிவாகும் வகை. வாங்கிய ஷோரூமிலேயே பொருத்திக் கொடுத்தார்கள். குறியீடு எதுவும் தரவில்லை. இன்னொன்று, இது முக்கியமா என்று தெரியவில்லை. அப்பா சில நாள் மாலையில் கீழே போய்க் காரில் உட்கார்ந்து ரேடியோ கேட்பார்.

வோல்ட்மீட்டர்
அப்பா பொத்தானை அழுத்தும்போது பிரேக்கை மிதிக்கிறாரா? மிதித்து அழுத்தினால் மீட்டரில் ரெடி என்று வரும். மிதிக்காமல் அழுத்தினால் ரேடியோ பாடும், விளக்கெல்லாம் எரியும், ஆனால் ரெடி வராது. அந்த நிலையில் எல்லாமே 12 வோல்ட் பேட்டரியைத்தான் குடிக்கும்; திரும்ப சார்ஜ் ஏறாது.

இப்போது கேமரா. நிற்கும்போது பதிவாகிற கேமரா 0.3 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திங்கள் முதல் வெள்ளி வரை 120 மணி நேரம். பெருக்கினால் 36 ஆம்பியர்-மணி. ஹைபிரிட் காரில் வைத்திருக்கும் சின்ன பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே ஏறத்தாழ அவ்வளவுதான். அதற்கு மேல் அப்பாவின் ரேடியோ.

பிஸ்டன்பிரியன்
புது வண்டியில் பேட்டரி போகுமா? 12 வோல்ட் இறங்கியிருந்தால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. முக்கிமுனகித்தான் சுழலும், யாருக்கும் தெரியும். இவர் சாதாரணமாக ஓட்டிக்கொண்டுதானே இருக்கிறார்? இது ஹைபிரிட் பேட்டரியின் குளிரூட்டும் விசிறியாக இருக்க வேண்டும். பின் இருக்கைக்கு அருகே உள்ள காற்றுத் துவாரத்தில் பையை வைத்து அடைத்திருப்பார்கள்.

வோல்ட்மீட்டர்
துவாரத்தையும் பார்க்கட்டும், தப்பில்லை. ஆனால் முக்கலும் முனகலும் பெட்ரோல் வண்டிக் கதை. இந்த வகைக் காரில் பேட்டரி இரண்டு. எஞ்சினைச் சுழற்றுவது பெரிய, உயர் மின்னழுத்த பேட்டரியும் அதன் மோட்டாரும். 12 வோல்ட்டுக்கு அந்தப் பாரம் கிடையாது. கணினிகளை எழுப்புவதும், உயர் மின்னழுத்த பேட்டரியை இணைக்கும் ரிலே என்ற மின் சுவிட்சை மூடுவதும்தான் அதன் வேலை. அதனால் அது பலவீனமாகும்போது நமக்குப் பழக்கமான அறிகுறி எதுவும் தெரியாது. வோல்ட் தாழ்ந்த அந்த நொடியில் எந்தக் கணினி விழித்ததோ அது புகார் எழுதிவைக்கும். ஒருநாள் ஹைபிரிட் என்று வரும், ஒருநாள் ஸ்டியரிங் என்று வரும். வெவ்வேறு விளக்கு மாறி மாறி வருவதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

கோவைவாசி, காலையில் ஒரு மல்டிமீட்டர் தேடுங்கள். வண்டியை எழுப்புமுன் 12 வோல்ட் பேட்டரியின் இரு முனையில் வைத்துப் பாருங்கள். 12.6 என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் நான் சொன்னதுதான். பிறகு ரெடியில் வைத்து அளந்தால் 14 அருகே வர வேண்டும். அது ஏறாவிட்டால் சார்ஜ் செய்கிற கன்வெர்ட்டரில் கோளாறு, அப்போது பழனிக்கு எடுக்காதீர்கள். ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடாதீர்கள், அது உயர் மின்னழுத்தக் கேபிள். விளக்கு சிவப்பாக மாறினாலும் ஓரங்கட்டிவிடுங்கள்.

நெடுஞ்சாலை
பேட்டரி எங்கே என்று தேடி அலையாதீர்கள். சில மாடலில் பானெட்டுக்குக் கீழே, சிலவற்றில் டிக்கியில், சிலவற்றில் பின் இருக்கைக்கு அடியில் இருக்கும். கையேட்டில் இருக்கிறது. பிஸ்டன்பிரியன் மனம் குளிரட்டும்.

காற்றழுத்தம் (ஞாயிறு)
கோவைவாசி, பழனி போனீர்களா? டயரில் காற்று பார்த்தீர்களா?

வயல்வெளி (செவ்வாய்)
ஆளைக் காணோம். எலிதான் என்று தெரிந்து வெட்கப்படுகிறார்.

கரும்பாலை (செவ்வாய்)
வழியில் நின்றிருக்கும். டேங்கில் தண்ணீர் சேர்ந்திருக்கும்.

கோவைவாசி (அடுத்த மாதம்)
மன்னிக்கவும், வேலை. அடுக்ககத்து எலக்ட்ரீஷியன் சிவப்பு மூடியைத் தூக்கி மீட்டர் வைத்தார், 11.7 காட்டியது. ரெடியில் 14.2. பழனி போய் வந்தோம். கேமராவின் நிறுத்த நேரப் பதிவை அணைத்துவிட்டேன். ஜாப் கார்டில் குறியீடு எழுதாமல் நகரமாட்டேன் என்று நின்ற பிறகு சர்வீஸ் சென்டரில் சோதித்து, வாரண்டியில் பேட்டரி மாற்றினார்கள். கேமரா வயர் அவர்கள் போட்டதுதான் என்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதன்பின் விளக்கு வரவில்லை. நன்றி.

வோல்ட்மீட்டர்
நல்லது. நிறுத்த நேரப் பதிவு வேண்டும் என்றால், 12 வோல்ட்டில் தானாகத் துண்டிக்கிற கருவி கிடைக்கிறது, அதை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வாரநாளில் ஒருமுறை வண்டியை ஓட்டிவிடுங்கள். அப்பாவை பிரேக்கை மிதித்து ரெடியில் வைத்துக் கேட்கச் சொல்லவும் முடியாது. மூடிய அடித்தளத்தில் எஞ்சின் தானே எழுந்து ஓடினால் புகை ஆபத்து. வீட்டில் ஒரு ரேடியோ வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

கோவைவாசி
வாங்கிக் கொடுத்தேன். காரில் கேட்பது போல் இல்லையாம்.

பிஸ்டன்பிரியன்
நான் முதல் பதிலிலேயே கையேட்டைப் பார்க்கச் சொன்னேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

காற்றழுத்தம்
டயரில் காற்று எவ்வளவு இருந்தது என்று இன்னும் சொல்லவில்லையே?