இங்கிலாந்தில செய்த யூ மர வில்லு வந்துகொண்டிருக்கு: வன்னி வெக்கையில எப்பிடிப் பராமரிக்கிறது?

ஒட்டுசுட்டான்_தச்சன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒட்டுசுட்டானில தச்சுவேலை செய்யிறன். கதவு, நிலை, யன்னல், கட்டில். முதிரை, பாலை, தேக்கு, வேம்பு, இதுகள்தான் என்ட கையில புழங்கிற மரங்கள். இப்ப 14 மாதமா நான் கண்ணால காணாத ஒரு மரத்துக்காகக் காத்திருக்கிறன். இங்கிலாந்தில வில்லுச் செய்யிற ஒருத்தர் எனக்கெண்டே அளவெடுத்து யூ மரத்தில ஒரு நீளவில்லு செய்து முடிச்சிட்டார். போன கிழமை அனுப்பியாச்சு.

எப்பிடி இது எனக்கு வாய்ச்சதெண்டு சொல்லவேணும். என்ட மச்சான் அங்க இருக்கிறார். முள்ளியவளையில அவர் கட்டின வீட்டுக்கு ஆறு முதிரைக் கதவு நான்தான் செய்து போட்டது. கூலி எவ்வளவு எண்டு கேட்டார். காசு வேண்டாம், அங்க நீங்கள் போய்ப் பழகிற இடத்தில எல்லாரும் வைச்சிருக்கிற மாதிரி ஒரு வில்லு செய்விச்சுத் தாங்கோ எண்டு சொன்னன். முதலில நம்பேல்ல. பிறகு என்னை நிக்கவைச்சு இரண்டு கையையும் விரிக்கச்சொல்லி நடுவிரல் நுனியில இருந்து மற்ற நடுவிரல் நுனி வரைக்கும் அளந்தார். 70 அங்குலம். அதை 2.5 ஆல பிரிச்சா 28. அதுதான் நான் நாணை இழுக்கிற தூரமாம். வில்லு 6 அடி 2 அங்குலம், 28 அங்குலம் இழுக்கேக்க 45 இறாத்தல்.

ஏன் வில்லு எண்டு மனிசியும் கேட்டவ. என்ட அப்பப்பாவிட்ட ஒண்டு இருந்தது. விண்ணாங்குத் தடியில தானே செய்தது, மரல் நாரில திரிச்ச நாண். குரக்கன் விளையிற நேரம் பரணில இருந்துகொண்டு பண்டிக்கும் குரங்குக்கும் அதைக் காட்டுவார். பிறகு கனகாலம் எங்கட வீட்டு வளையில சும்மா தொங்கினது. சின்னனில நான் அதில தொங்கி அடி வாங்கியிருக்கிறன். 2009இல வீடும் இல்லை, அதுவும் இல்லை. அப்பப்பாட வாய்ச்சியும் உளியும் கூட எனக்கு மிஞ்சேல்ல.

வில்லுக்காரர் ஒவ்வொரு கட்டத்திலயும் படம் எடுத்து மச்சானுக்கு அனுப்புவார், அவர் எனக்கு அனுப்புவார். முதல் படம் பிளந்த கட்டை, பட்டையோட. நாலு மாதம் கழிச்சு அடுத்தது: உள்மரம் செம்மஞ்சள், வெளிமரம் பால் நிறம், இரண்டும் ஒட்டவைச்ச மாதிரி ஒரே தடியில. பிறகு வில்லைச் சுவரில கிடையாகப் பொருத்தி, நாணை ஒரு கயித்தால கீழ இழுத்து, அது வளையிறதைத் தூரத்தில நிண்டு பார்க்கிற படம். எந்த இடம் விறைப்பா நிக்குதோ அந்த இடத்தில மட்டும் ஒரு சுரண்டல், திரும்பவும் இழுத்துப் பார்க்கிறது. இப்பிடி எத்தினை நாளாம்.

என்னை நித்திரை கொள்ள விடாத படம் ஒண்டிருக்கு. வில்லின்ட முதுகில, அதாவது எய்யேக்க வெளியில பார்க்கிற பக்கத்தில, ஒரு சின்ன மரக்கண். நானெண்டா சீவுளியைப் போட்டு மட்டப்படுத்தியிருப்பன், கதவுக்கு அதுதான் வடிவு. அந்த மனிசன் கண்ணைச் சுத்தியிருக்கிற மரத்தை ஒரு நெல்லளவு உயரமா விட்டிட்டு மற்ற இடத்தை மட்டும் இறக்கியிருக்கிறார். நார் அந்தக் கண்ணைச் சுத்தி வளைஞ்சு போகுது, ஒரு இடத்திலயும் அறுபடேல்ல. தொலைபேசியில பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பார்த்தன். 22 வருசம் மரத்தோட கிடக்கிறன், இப்பிடி மரத்துக்கு வழிவிட்டு ஒரு வேலை நான் செய்ததில்லை. அதைக் கையால தடவிப் பார்க்கவேணும், அவ்வளவுதான் இப்ப என்ட ஆசை.

இனி கேள்வி. எங்கட வீடு தகரக் கூரை. ஆவணி வெக்கையில மத்தியானம் உள்ளுக்க இருக்கேலாது. ஐப்பசி, கார்த்திகையில மழை தொடங்கினா கதவெல்லாம் ஊதி இறுகிற ஈரம். குளிர் தேசத்து மரம் இதைத் தாங்குமோ? எங்க வைக்கிறது? வந்த அண்டைக்கே நாணேற்றலாமோ? வான்கோழி இறகு இங்க கிடைக்குது, கொஞ்சம் சேர்த்து வைச்சிருக்கிறன், அம்புக்கு அது சரியோ? தெரிஞ்ச ஆக்கள் தயவுசெய்து சொல்லுங்கோ.

---

கொவென்றி_வாசன் எழுதியது:

தம்பி, வாசிச்சு முடிக்க எனக்கே கை துருதுருக்குது. நான் இங்க ஒன்பது வருசமா நீளவில்லுதான் பழகிறன். எனக்குச் செய்த வில்லுக்கு 11 மாதம் பார்த்திருந்தனான், அந்தக் காத்திருப்பு எனக்கு விளங்கும்.

முதலாவது, வந்த அண்டைக்கு நாணேற்றாதேங்கோ. குழாயில இருந்து எடுத்து நிழலான அறையில ஒரு கிழமை சும்மா கிடக்கட்டும். வில்லு மரம் 9, 10 வீத ஈரத்தில இருக்கும், உங்கட காத்துக்கு அது மெல்லமெல்லப் பழகவேணும். தகரத்துக்குக் கிட்ட வைக்கவே வேண்டாம். யூ வெக்கைக்கு இளகிற மரம். வெயில் ஏறின நேரத்தில இழுப்பு எடை குறையும், அந்த நேரம் திரும்பத் திரும்ப இழுத்தா வளைவு நிரந்தரமா நிண்டிடும். விடியக்காலமையும் பின்னேரமும் எய்யுங்கோ. பூட்டின வாகனத்துக்குள்ள ஒரு மணித்தியாலம் கூட விடாதேங்கோ. மழைக்காலத்துக்கு முதல் தேன்மெழுகு பூசித் துணியால தேய்ச்சு விட்டா ஈரம் இலேசில இறங்காது.

மூலையில சாய்ச்சு வைக்கிறது பிழை. கிடையா இரண்டு முளையில வையுங்கோ, அல்லது அப்பப்பா தொங்கவிட்ட மாதிரி வளையில கயித்தால தொங்கவிடுங்கோ. எங்கட ஊருக்கு அதுதான் திறம், சுவரோட வைச்சா கறையான் ஏறும். எய்து முடிஞ்ச உடன நாணைக் கழற்றவேணும். இதில பஞ்சிப்படக் கூடாது.

நாணேற்றிறது: பால் நிற முதுகு உங்களைப் பார்க்கவேணும், சிவந்த வயிறு வெளியில பார்க்கவேணும். மாறி வளைச்சா முறியும், கண்ணுக்கு முன்னால நடந்ததைப் பார்த்திருக்கிறன். கீழ்க் குதையை (நாண் மாட்டிற கீழ் நுனியை) காலின் உள்பக்கத்தோட அணைச்சு, ஒரு கையால பிடியை உங்கட பக்கம் இழுத்து, மற்றக் கையின் அடியால வில்லின்ட மேல்பாதியை அப்பால தள்ளி, விரலால நாணை மேல நகர்த்துங்கோ. நாண் ஏறினாப்பிறகு முட்டியைப் பிடியில வைச்சுப் பெருவிரலை நிமிர்த்துங்கோ, நகம் நாணில முட்டவேணும். ஆறங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. முதல் பத்துத் தரம் அரைவாசிதான் இழுக்கிறது, மெதுவா. முழுசா இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிக்கவே வேண்டாம். அம்பு இல்லாமல் நாணை விட்டிடாதேங்கோ. அம்புக்குப் போகவேண்டிய விசை முழுக்க மரத்துக்குத் திரும்பி வரும்.

வான்கோழி இறகு முதல்தரம். இங்கயும் அதுதான் பாவிக்கிறம், முந்தின காலத்தில கூஸ் எண்ட பெரிய வாத்து. செட்டையில இருக்கிற பெரிய இறகு மட்டும் எடுங்கோ. ஒரு அம்பில மூண்டும் இடச்செட்டையா இருக்கவேணும், அல்லது மூண்டும் வலம். இறகுக்கு ஒரு பக்க வளைவிருக்கு, கலந்தா அம்பு சுழலாமல் தடுமாறும். அம்புத்தடி விசயத்தில கண்டபடி சீவாதேங்கோ. நீளவில்லில அம்பு உங்கட கைமுட்டிக்கு மேலதான் இருக்கு, விடேக்க வில்லைச் சுத்தி வளைஞ்சுதான் வெளிக்கிடும். 45 இறாத்தலுக்குப் பொருந்தின விறைப்பில்லாட்டி எவ்வளவு நேராப் பிடிச்சாலும் பக்கத்தாலதான் போகும். முதல் ஒரு டசின் பைன் தடி வாங்கி, அதின்ட விறைப்பைக் கையால படிச்சுப்போட்டு உங்கட மரத்தில செய்து பாருங்கோ.

மரக்கண்ணைப் பற்றி எழுதினது என்னைத் தொட்டிட்டுது. 1545இல போர்ட்ஸ்மத்துக்கு முன்னால கடலில மூழ்கின மேரி றோஸ் எண்ட போர்க்கப்பலை 1982இல தூக்கினவை. அதுக்குள்ள 137 முழு வில்லும் 3,500க்கு மேல அம்பும் இருந்தது. வில்லெல்லாம் யூ. கடற்சேற்றில 437 வருசம். நூதனசாலைக் கண்ணாடிக்குப் பின்னால இருக்கிற சில வில்லுகளில செய்தவன் போட்ட அடையாளக் குறி இப்பவும் தெரியுது. உங்கட வில்லிலயும் எங்கையாவது குறி இருக்கும், தேடிப் பாருங்கோ. இன்னொண்டு, மரம் எந்த நாட்டது எண்டு கேளுங்கோ. இங்கிலாந்து யூ பழையகாலத்திலயே போதேல்ல. 1472இல ஒரு சட்டம் போட்டவை, வெளியில இருந்து சரக்கோட வாற கப்பல் ஒரு தொன்னுக்கு நாலு வில்லுக்கட்டை கொண்டுவரவேணும் எண்டு. இப்பவும் நல்ல கட்டை இத்தாலியில இருந்தும் அமெரிக்காவின் மேற்குக் கரையில இருந்தும் வருது.

மிஞ்சின துண்டு ஏதும் அனுப்பினால் கவனம். யூ மரம் நஞ்சு. அரத்தால தேய்க்கேக்க மூக்கைக் கட்டுங்கோ.

---

வவுனியா_ரீச்சர் எழுதியது:

அண்ணா, உங்கள் அப்பப்பாவின் வில்லைப் பற்றி வாசித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். எங்கள் வீட்டிலும் அப்படிப் போனவை இருக்கின்றன.

நான் வில் பிடித்ததில்லை, ஆனால் ஊரில் இருப்பவள் என்ற முறையில் சில விசயங்கள். பொதி வருவதற்கு முன்பே விலைச்சீட்டையும், விளையாட்டுக்கான மரவில் என்று செய்தவர் எழுதிய கடிதத்தையும் மச்சானிடம் கேட்டு வாங்கி வையுங்கள். சுங்கத்தில் கேட்டால் உடனே காட்டலாம். உங்கள் கிராம அலுவலரிடமும் ஒரு சொல் சொல்லி வையுங்கள். ஆறடிக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு நம் வீதியில் நடந்தால் நாலு பேர் விசாரிக்கத்தான் செய்வார்கள்.

எய்யும் இடம் மிக முக்கியம். குளக்கட்டை நோக்கி எய்யாதீர்கள், சைக்கிளில் பிள்ளைகள் வருவார்கள். வைக்கோல் கட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மண் அணை போடுங்கள். தவறிய அம்பு மிதிவெடி அகற்றி முடியாத காட்டுக்கரைப் பக்கம் போனால் அந்த அம்பை மறந்துவிடுங்கள். எவ்வளவு ஆசையாகச் செய்ததாக இருந்தாலும் தேடிப் போகவேண்டாம். ஊர்ப் பெடியள் மரை, மான் என்று உசுப்பேற்றுவார்கள், அதற்கும் இடம் கொடுக்காதீர்கள். அவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை.

கற்றுக்கொண்ட பிறகு பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒருநாள் காட்டுவீர்களா? யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் ஒரே அம்பால் துளைத்த வல்வில் ஓரியைப் படிப்பிக்கிறேன். என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் வில்லின் நாண் எப்படி ஒலிக்கும் என்று தெரியாது. எனக்கும்தான்.

---

ஒட்டுசுட்டான்_தச்சன் எழுதியது:

வாசன் அண்ணை, ரீச்சர், கோடி நன்றி. கறையானை நான் யோசிக்கவே இல்லை, நேற்றே வளையில கயிறு கட்டிட்டன். கடைசி அறைக்குத் தகரத்துக்குக் கீழ கிடுகு அடுக்கியிருக்கிறன், மத்தியானமும் ஓரளவு குளிர்மை. இறகெல்லாத்தையும் கொட்டி இடம் வலமாப் பிரிச்சு இரண்டு பிஸ்கட் தகரப்பேணியில போட்டாச்சு. 31 இடம், 26 வலம். ஒண்டை நடுத்தண்டால பிளந்து பார்த்தன். அலகைக் கொஞ்சம் சரிச்சா உடன பஞ்சுப்பக்கம் ஓடுது, நேராப் பிடிச்சா வெள்ளைத் தண்டு இரண்டாப் பிரிஞ்சு தாள் மாதிரி வருது. நல்ல வேலை.

ரீச்சர், பிள்ளையளுக்குக் கட்டாயம் காட்டுவன். கடிதத்துக்கு மச்சானிட்டச் சொல்லிட்டன்.

---

வாகரை_மூத்தவர் எழுதியது:

தம்பி, மரல் நாண் என்று எழுதியதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். என் தாய்வழி ஆட்கள் கரையோர வேடர்கள். மரலை வெட்டி, தண்ணீரில் ஊறப்போட்டு, பலகையில் வைத்து வழித்தால் வெள்ளை நார் வரும். தொடையில் வைத்துத் திரிப்பார்கள். அந்தச் செடிக்கு ஆங்கிலத்தில் வில்நாண் சணல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் அப்பப்பா புதிதாக ஒன்றும் செய்யவில்லை, மிகப் பழையதைச் செய்திருக்கிறார். ஆனால் இந்த யூ வில்லுக்கு மரல் நாண் போட்டுப் பார்க்கவேண்டாம். நாண் அறுந்தால் அம்பில்லாமல் விட்டதற்குச் சமம், வில்லும் போகும். அதோடு வருகிற நாணையே பாவியுங்கள். மரல் நாணுக்கு விண்ணாங்கில் தனியாக ஒன்று செய்யுங்கள். உங்களுக்குக் கை இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கண்டி இராச்சியத்தில் கிட்டத்தட்ட இருபது வருடம் சிறைப்பட்டிருந்து, 1679இல் காடு வழியாக அருவியாற்றோரமாக அரிப்புக்குத் தப்பி வந்த ஆங்கிலேயக் கப்பலோடி ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில் வேடர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்களுக்கு அம்புத்தலை வேண்டுமென்றால் இரவில் ஒரு சுமை இறைச்சியைக் கொல்லன் பட்டறையில் தொங்கவிட்டு, தங்களுக்கு வேண்டிய அம்புத்தலையின் வடிவில் ஒரு இலையை வெட்டி அதோடு வைத்துவிட்டுப் போவார்களாம். கொல்லன் இலையைப் பார்த்து அளவு தப்பாமல் அடித்து வைத்தால், திரும்பவும் இறைச்சி கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

நீங்கள் ஆறு கதவைக் கொடுத்துவிட்டு, 28 அங்குலம் என்று ஒரு அளவை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறீர்கள். வாசித்த உடன் எனக்கு அந்த இலைதான் ஞாபகம் வந்தது. வில் வந்ததும் செய்தவருக்கு முதிரையில் ஏதாவது செய்து அனுப்புங்கள் தம்பி.

---

ஒட்டுசுட்டான்_தச்சன் எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதினதை மனிசிக்கும் பிள்ளையளுக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டினன். மூத்தவள் போய் ஒரு பூவரசம் இலையை அம்புத்தலை மாதிரி வெட்டிக்கொண்டு வந்து பட்டறை மேசையில வைச்சிட்டாள். அது அப்பிடியே கிடக்கு.

முதிரையில ஒரு சின்னப் பெட்டி செய்யத் தொடங்கிட்டன். அவர் நாணுக்குப் பூசிற மெழுகு வைக்கிறதுக்கு. மூடியில ஒரு கண் வருது. சீவேல்ல, சுத்திவர இறக்கி அதை உயரமா விட்டிருக்கிறன். முதல் தரம் சரிவரேல்ல, உளி நாரை அறுத்திட்டுது. இரண்டாவது பலகையில வந்திட்டுது.

இண்டைக்குப் பின்னேரம் தொலைபேசி வந்தது. பொதி கொழும்பில சோதிச்சு விட்டாச்சாம், கடிதத்தைப் பார்த்திட்டு ஒண்டும் கேக்கேல்லயாம். நாளைக்கு முல்லைத்தீவில வந்து எடுக்கட்டாம். குழாய் 6 அடி 8 அங்குலம். காலமை முதல் பஸ்ஸில போறன். கொண்டக்டர் தம்பியிட்ட இப்பவே கதைச்சு வைச்சிருக்கிறன், திரும்பி வரேக்க பின் ஆசனத்துக்குக் கீழ நீட்டாக வைக்க இடம் விடுறன் எண்டவர். ஒரு கிழமைக்கு நாணேற்ற மாட்டன், வாசன் அண்ணை, சத்தியம். ஆனால் அந்தக் கண்ணை மட்டும் பஸ்ஸுக்குள்ளயே தடவிப் பார்த்திடுவன்.