1970 எம்ஜிபி ஜிடி: எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்யூல் போட்ட பிறகு, சூடானதும் இன்ஜின் நின்றுவிடுகிறது

பி_சீரிஸ்:
வணக்கம். வண்டி 1970 எம்ஜிபி ஜிடி, 1798 சிசி, லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி ஸ்பார்க்கை அனுப்பும் பகுதி), நெகட்டிவ் எர்த் (பேட்டரி மைனஸ் வண்டி உடலோடு இணைந்தது). காயில் மின்னோட்டத்தை அறுத்து விடும் பாயிண்ட், அதன் கண்டென்சர் இரண்டையும் கழற்றிவிட்டு, காந்த வளையத்தோடு வரும் ஹால் சென்சார் (காந்தத்தை உணரும்) மாட்யூல் பொருத்தியாயிற்று. கூடவே ஒரு புது ஸ்போர்ட்ஸ் காயில் (ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்). பிளக் ஒயர் பழையதுதான், செம்புக் கம்பி வகை. பிளக் என்ஜிகே பிபி6இஎஸ்.

குளிரில் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிங்கும் நன்றாக இருக்கிறது. 20 நிமிடம் போல ஓடியதும் சட்டென்று நிற்கிறது. கால் மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. 4000 ஆர்பிஎம் தாண்டினால் டாக்கோமீட்டர் (ஆர்பிஎம் காட்டும் மீட்டர்) ஊசியும் தாறுமாறாகக் குதிக்கிறது. மாட்யூல் பழுதா, பெட்ரோல் பிரச்சினையா? எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

வெள்ளை_கறுப்பு_ஒயர்:
எதையும் கழற்றும் முன் ஊசியைக் கவனியுங்கள். உங்கள் வருட வண்டியில் இருப்பது ஸ்மித்ஸ் ஆர்விஐ வகை டாக்கோமீட்டர். காயிலுக்குப் போகும் வெள்ளை ஒயர் அதன் முதுகில் ஒரு வளையமாகச் சுற்றிப் போகும். அந்த ஒயரில் ஓடும் மின்னோட்டத் துடிப்பைத்தான் மீட்டர் எண்ணுகிறது. இன்ஜின் நிற்கும்போது வண்டி கியரிலேயே உருண்டுகொண்டிருக்க, ஊசி மட்டும் டக்கென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், காயிலின் முதன்மைச் சுற்றில் மின்னோட்டமே இல்லை: மாட்யூல், எர்த், சப்ளை இந்த மூன்றில் ஒன்று. ஊசி வண்டியின் வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் பெட்ரோல் பக்கம் போங்கள், அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார், அதன் மூடியான கேப் பக்கம்.

பி_சீரிஸ்:
டக்கென்று விழுகிறது. வண்டி உருளும்போதே பூஜ்யம்.

ஓம்_மீட்டர்:
அப்படின்னா முதல்ல காயில் ஓம் பாருங்க. ரெண்டு சின்ன ஒயரையும் காயில்ல இருந்து கழட்டிடுங்க. மல்டிமீட்டரை 200 ஓம்ல வச்சு, புரோப் ரெண்டையும் ஒண்ணோடொண்ணு தொட்டு வர்ற எண்ணைக் குறிச்சுக்குங்க (0.2, 0.3 வரும்). அப்புறம் பிளஸ், மைனஸ் டெர்மினல்ல வச்சு அளந்து, அந்த 0.2-ஐக் கழிச்சிடுங்க. 3 ஓம் கிட்ட வரணும்.

1.5 ஓம் கிட்ட வந்தா, அது பேலஸ்ட் ரெசிஸ்டரோட (மின்னோட்டத்தைக் குறைக்க வரிசையில மாட்டுற மின்தடை) ஓட வேண்டிய காயில். உங்க வண்டியில பேலஸ்ட் கிடையாது, பின்னாடி வந்த ரப்பர் பம்பர் மாடல்லதான் ஹார்னஸுக்குள்ளயே (ஒயர் கட்டு) ரெசிஸ்டன்ஸ் ஒயர் ஓடும். கணக்கு இதுதான்: 13.8 வோல்ட்டை 3 ஓமால வகுத்தா 4.6 ஆம்பியர், 1.5 ஓமால வகுத்தா 9.2. மாட்யூல் உள்ள இருக்குற டிரான்சிஸ்டர் ரெண்டு மடங்கு மின்னோட்டத்தை அறுத்து அறுத்து விடணும். இன்ஜின் சூட்டோட அதுவும் சேர்ந்தா 20 நிமிஷத்துல கையை விரிச்சிடும், ஆறினதும் திரும்ப உயிர் வரும். நீங்க சொல்ற அறிகுறி அச்சா இதுதான்.

ஸ்போர்ட்ஸ் காயில்னு வாங்கும்போது எல்லாரும் கோட்டை விடுற இடம் இது. லூகாஸ் டிஎல்பி105 பேலஸ்ட் இல்லாத வண்டிக்கு, டிஎல்பி110 பேலஸ்ட் உள்ள வண்டிக்கு. வெளியே பார்த்தா ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. லேபிளை நம்பாதீங்க, அளந்து பாருங்க.

இன்னொண்ணு: இன்ஜின் ஓடாம சாவியை ஆன்ல விட்டு வேலை பார்க்காதீங்க. காந்தம் சென்சாருக்கு நேரா எந்த இடத்துல நிக்குதுங்கறதைப் பொறுத்து, மின்னோட்டம் அறுபடாம ஓடிக்கிட்டே இருக்கும். சாதாரண மாட்யூல் சில நிமிஷத்துல பொசுங்கும்.

வெள்ளை_கறுப்பு_ஒயர்:
ஓம்_மீட்டர் சொன்னதுதான் முதல் சந்தேகம். ஆனால் காயிலை மாற்றிவிட்டு அப்படியே மூடிவிடாதீர்கள். மாட்யூல் பாயிண்டின் வேலையை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறது. அதன் எர்த், சப்ளை, ரோட்டார், அட்வான்ஸ் (வேகத்துக்கும் லோடுக்கும் ஏற்ப ஸ்பார்க்கை முன்கூட்டியே விடும் அமைப்பு) எல்லாம் 50 வருடப் பழசு.

எர்த்: 25டி4-க்குள் இரண்டு தட்டுகள். மாட்யூல் உட்கார்ந்திருக்கும் மேல்தட்டு வாக்குவம் அட்வான்ஸோடு அசையும். அதிலிருந்து கீழ்த்தட்டுக்கு துணி சுற்றிய ஒரு மெல்லிய பின்னல் ஒயர் போகும். ஆண்டுக்கணக்கில் வளைந்து வளைந்து உள்ளே இழை இழையாக அறுந்திருக்கும், வெளியே துணி மட்டும் முழுசாகத் தெரியும். மேல்தட்டுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்கும் இடையே ஓம் அளந்தபடி வாக்குவம் குழாயை வாயால் உறிஞ்சுங்கள். தட்டு அசையும்போது எண் துள்ளினால் அந்த ஒயரை மாற்றிவிடுங்கள். உறிஞ்சியும் தட்டு அசையவே இல்லை என்றால் வாக்குவம் யூனிட்டின் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம்.

சப்ளை: இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஒரு புரோப் பேட்டரி பிளஸ்ஸில், மற்றது காயில் பிளஸ்ஸில். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. போனால் இக்னிஷன் சுவிட்சும், கறுப்பு ரப்பர் உறைக்குள் இருக்கும் புல்லட் கனெக்டர்களும்தான் குற்றவாளி. உறைக்குள் பச்சை பூத்திருந்தால் சுரண்டி நேரம் கழிக்க வேண்டாம், கனெக்டரையே மாற்றுங்கள்.

ஊசி குதிப்பதற்கு இரண்டு காரணம் பார்க்கிறேன். முதலாவது, செம்புக் கம்பி பிளக் ஒயர். அதன் இரைச்சல் மாட்யூலையும் குழப்பும், மீட்டரையும் குழப்பும். கார்பன் அல்லது ஸ்பைரல் கோர் சப்ரஷன் ஒயர் (இரைச்சலை அடக்குவது) கட்டாயம். இரண்டாவது, மாட்யூலின் சிவப்பு ஒயரைக் காயில் பிளஸ்ஸில் மாட்டியிருப்பீர்கள். அதன் மின்னோட்டமும் மீட்டர் வளையம் வழியாகத்தான் வருகிறது. ஃபியூஸ் பாக்ஸில் வெள்ளை ஒயர் வந்து சேரும் டெர்மினலில் இருந்து தனியாக, 3 ஆம்பியர் இன்லைன் ஃபியூஸ் வைத்துக் கொடுங்கள். வளையத்தில் காயிலின் துடிப்பு மட்டும் ஓடும்.

ரோட்டார்_கேப்:
மேலே சொன்னதோடு இரண்டு விஷயம். காந்த வளையம் கேமின் அடி வரை இறங்கி உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். ஒரு மில்லி தூக்கி நின்றாலும் அதன் மேல் ரோட்டார் உயர்ந்து நிற்கும், கேப்பின் நடுவில் இருக்கும் கார்பன் முனையைத் தேய்த்தே தின்றுவிடும். கேப்புக்குள் கறுப்புத் தூள் படிந்திருந்தால் இதுதான்.

அடுத்து ரோட்டார். நடுவில் ரிவெட் அடித்த மலிவு ரோட்டார் இப்போது நிறைய வருகிறது. ரிவெட்டின் அடியில் பிளாஸ்டிக் மெலிசு. வலுவான காயில் போட்டதும் ஸ்பார்க் அதைத் துளைத்து நேரே ஷாஃப்டில் இறங்கும். ரிவெட் இல்லாத சிவப்பு ரோட்டாராக வாங்குங்கள். பிளக் முனைகளின் இடைவெளி 0.025 அங்குலத்தில் இருந்து 0.030 அல்லது 0.035 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பி_சீரிஸ்:
காயில் 1.6 ஓம். 3.1 ஓம் காயில் போட்டு, சப்ரஷன் ஒயரும் மாற்றி, சிவப்பு ஒயரை ஃபியூஸ் பாக்ஸுக்குக் கொண்டுபோனேன். எர்த் ஒயர் நன்றாக இருக்கிறது, எண் துள்ளவில்லை. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது, ஊசியும் அமைதி. ஆனால் மூன்றாவது கியரில் ஏற்றத்தில் நாக்கிங் (இன்ஜினில் தட்டும் சத்தம்) கேட்கிறது. டைமிங் லைட்டில் ஸ்பார்க் முன்கூட்டி வரும் அளவு ஐடிலில் 16°, 3800 ஆர்பிஎம்-ல் 38°, வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுப் பார்த்தது.

வெள்ளை_கறுப்பு_ஒயர்:
மாட்யூல் ஸ்பார்க்கை விடும் புள்ளியும் பழைய பாயிண்ட் திறந்த புள்ளியும் ஒன்றாக இருக்காது, அதனால் டைமிங் நகர்ந்திருக்கிறது. 16-க்கும் 38-க்கும் 22° இடைவெளி, அதாவது அட்வான்ஸின் வெயிட்டும் ஸ்பிரிங்கும் சரியாகத்தான் வேலை செய்கின்றன. மொத்தமும் 6° பின்னால் வந்தால் போதும்: 3500-க்கு மேல் 32°, ஐடிலில் 10° அருகில்.

ரோட்டார் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது, எனவே டிஸ்ட்ரிபியூட்டர் உடலையும் இடஞ்சுழியாகத் திருப்பினால் டைமிங் பின்வாங்கும். உங்களுடையதில் வெர்னியர் நட் (டைமிங்கை நுணுக்கமாக நகர்த்தும் திருகு) இருந்தால் கிளாம்பைத் தளர்த்தவே வேண்டாம். 11 கிளிக்குக்கு 1°, 'ஆர்' எழுத்து (ரிடார்ட், பின்வாங்கல்) காட்டும் பக்கம் 66 கிளிக். லைட்டைப் பிடித்து மறுபடி பாருங்கள். குறிகள் புல்லிக்கு அடியில் இருப்பதால் முதலில் வெள்ளைப் பெயிண்ட் தொட்டு வைத்தால் கண்ணுக்கு எளிது. அதன் பிறகும் அதே ஏற்றத்தில் நாக்கிங் வந்தால் இன்னும் 2° குறையுங்கள்.

ஓம்_மீட்டர்:
கழட்டின பாயிண்டையும் கண்டென்சரையும் தூக்கிப் போட்டுடாதீங்க. ஒரு ஸ்க்ரூடிரைவர், 0.015 அங்குல ஃபீலர் கேஜோட டிக்கியில கிடக்கட்டும். மாட்யூல் போனா சரி பண்ண முடியாது, பாயிண்ட் இருந்தா ரோட்டோரத்துலயே மாட்டிக்கிட்டுக் கிளம்பிடலாம். புது காயில் 3.1 ஓம்ங்கறதால பாயிண்டுக்கும் அதுவே பொருந்தும்.