சவுண்ட்பாருக்கு ஒலித்தண்டு, சப்வூஃபருக்கு ஒலிக்குடம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

டிவிக்குக் கீழே நீளமாக வைக்கும் ஸ்பீக்கரான சவுண்ட்பாருக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை ஒலிப்பட்டை, ஒலிச்சட்டம், ஒலிக்கோல் என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றும் வடிவத்தைப் பார்த்துச் செய்தவை. ஒலிப்பட்டை என்றதும் எனக்கு அலைவரிசைப் பட்டைதான் நினைவுக்கு வருகிறது. ஒலிச்சட்டம் தச்சருக்குப் புரியும்; மற்றவர்கள் ஒலிபெருக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்றே படிப்பார்கள். ஒலிக்கோலில் குறையில்லை, ஆனால் அது எதையும் விளக்கவில்லை.

இந்தக் கருவி ஏன் தேவைப்பட்டது? பழைய டிவியில் படக்குழாய்க்காகவே ஆழமான பெட்டி இருந்தது. ஸ்பீக்கரும் பெரும்பாலும் நம்மைப் பார்த்தபடி இருந்தது. தட்டை டிவியில் இரண்டும் போயின. பல மாடல்களில் சின்ன ஸ்பீக்கர்கள் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ இருக்கின்றன. ஒலி மேசையிலோ சுவரிலோ மோதித்தான் நம்மிடம் வருகிறது. க, ச, த போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிய உதவும் 2000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட பகுதி அந்த வழியில் மழுங்கிவிடுகிறது. தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றை அசைக்க வேண்டும். அதற்கு மெல்லிய உடம்பில் இடமே இல்லை.

என் அம்மா படம் பார்க்கும்போது "என்ன சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். சத்தத்தைக் கூட்டினால் பின்னணி இசையும் சேர்ந்து கூடுகிறது. ஒலியை ஆறு தடங்களாகப் பிரித்துத் தரும் 5.1 முறையில் வசனம் பெரும்பாலும் நடுத் தடத்தில் இருக்கும். டிவியின் இரண்டு ஸ்பீக்கர்களில் அது மற்றவற்றோடு கலந்துவிடுகிறது. நடுவில் தனி ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பார் வந்த பிறகு அம்மா கேட்பது நின்றது.

இப்போது தஞ்சாவூர் வீணையை நினைத்துப் பாருங்கள். பலா மரத்தில் நீண்ட தண்டி, அதன் முனையில் உருண்ட குடம். நரம்பின் மெல்லிய அதிர்வு குடத்தால்தான் நிறைகிறது. தட்டை டிவி குடமில்லாத வீணை. கடையில் நாம் வாங்குவதும் ஒரு தண்டும் ஒரு குடமும்தான்: திரைக்குக் கீழே நீளமாக ஒன்று, மூலையில் தாழ்ந்த ஒலியைத் தரும் பெட்டியான சப்வூஃபர். ஆகவே சவுண்ட்பாருக்கு ஒலித்தண்டு, சப்வூஃபருக்கு ஒலிக்குடம் என்று முன்மொழிகிறேன்.

தண்டி என்றே வைக்கலாமே என்று கேட்கலாம். தென் மாவட்டங்களில் தண்டி என்றால் பருமன். ஒல்லியான கருவிக்கு நேர் எதிர்ப்பொருள் வந்துவிடும். சப்வூஃபர் சதுரப் பெட்டிதானே என்பது இன்னொரு கேள்வி. குடம் அங்கே வடிவத்துக்கு அல்ல, வேலைக்குப் பெயர். சுமார் 80 ஹெர்ட்சுக்குக் கீழான ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் எளிதில் சொல்ல முடியாது. அதனால்தான் அதை மூலையில் வைத்தாலும் சரியாக இருக்கிறது.

அப்புறம், டிவியையும் சவுண்ட்பாரையும் இணைக்கும்போது பார்க்கும் ஏஆர்சிக்கும் (Audio Return Channel) ஒரு சொல் வேண்டும். படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் அனுப்பும் எச்டிஎம்ஐ இணைப்பின் 1.4 பதிப்புடன் 2009-இல் வந்த வசதி இது. டிவியின் ஒலியை அதே கேபிளில் ஸ்பீக்கருக்குத் திருப்பி அனுப்புகிறது. ஏஆர்சி என்று குறிக்காத துளையில் செருகிவிட்டு, சத்தம் வரவில்லை என்று தவிப்பவர்களைப் பார்க்கிறேன். கையேட்டில் 'ஒலி மீள்வழி' என்று இருந்தால் எந்தத் துளை, எதற்கு என்பது படிக்கும்போதே விளங்கும். மீள்தடம் இதைவிடப் பொருந்துமா? கையேடு மொழிபெயர்ப்பவர்கள் சொல்லுங்கள்.